கேத்தல் சின்னத்து அக்கா

கண்டி டவுனில் அக்கா வேலை செய்த புடவைக் கடையில் நான் ஒரு புடவைகூட வாங்கியதில்லை. ஆனாலும் சாயந்திரமானால் அங்கே போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். பக்கத்துத் தெரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில், ஒரே மேட்டுக்குத்தான் போக வேண்டும்.

ஒரு நாள் கடை மூடுகிற நேரத்துக்கு ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. அலுமாரியில் இருந்ததெல்லாம் தரைக்கு வந்தது. பொண்ணுக்குப் பச்சை பிடிக்கவில்லை, மாமியாருக்குச் சிவப்பு பிடிக்கவில்லை, கூட வந்த ஒருத்திக்கு எதுவுமே பிடிக்கவில்லை. கடைசியில் கை துடைக்கிற லேஞ்சி ஒன்றுகூட எடுக்காமல் எழுந்து போனார்கள். நானாக இருந்தால் வாசல் வரைக்கும் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். அக்கா "இன்னொரு நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினார். முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது.

"உங்களுக்குக் கோபமே வராதா?" என்று கேட்டேன்.

"பாக்குறதுக்குத்தானே புள்ள கடைய தொறந்து வச்சிருக்கு. புடிச்சா எடுப்பாங்க, புடிக்கலேன்னா போவாங்க. எடுக்கலேன்னா துணிய அலுமாரிக்குள்ள சுருட்டிப் போட முடியுமா? மடிச்சுத்தான் வைக்கணும்."

அதற்குள் எங்கள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம். வழி நெடுக அவருக்கும் சேர்த்து நான்தான் அந்தக் கூட்டத்தைத் திட்டினேன்.

அக்கா இப்போது கம்பளையில் மகள் வீட்டோடு இருக்கிறார். போன வருஷம்தான் அங்கே குடிபோனார். அவர் வீட்டில் வேறு ஆட்கள் குடியிருக்கிறார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தால் எனக்கு அவர் ஞாபகம் வந்துவிடும். வந்தால் கூடவே அந்த எலெக்ஷன் ஞாபகமும் வரும்.

எங்கள் வீடுகள் ஹேவாஹெட்ட ரோட்டில், பஸ்ஸை விட்டு இறங்கி ஓடையைத் தாண்டினால் மறுபக்க மேட்டில் இருக்கின்றன. ஓடைக்கு மேலே பழைய லைட் போஸ்ட் இரண்டைப் போட்டு, அதன்மேல் பலகை அடித்திருந்தோம். வெயில் காலத்தில் அது பாலம். மழை பிடித்துவிட்டால் தண்ணீர் பலகைக்கு மேலே ஓடும். அப்போது அந்தப் பக்கம் அந்தப் பக்கம்தான், இந்தப் பக்கம் இந்தப் பக்கம்தான்.

அக்காவின் புருஷனை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தத்தில் அவருக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கிளினிக் நாளில் அவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைத்து, தோட்ட லயத்து ஆட்கள் இரண்டு பேர் முன்னும் பின்னுமாகப் பிடித்து அந்தப் பலகைமேல் தூக்கிக்கொண்டு போவார்கள். அக்கா பையோடு பின்னால் போவார். ஒரு தடவை முன்னால் பிடித்தவருக்குக் கால் வழுக்கி, கதிரை ஒரு பக்கம் சாய்ந்து, அண்ணன் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார். அதற்குப் பிறகு வானம் இருட்டினாலே "இன்னைக்கு வேணாம், அடுத்த கிளினிக்குக்குப் பாப்போம்" என்று சொல்லிவிடுவார். அப்படி விட்டு விட்டுத்தான் இருந்த காலிலும் ஒரு புண் வந்தது. அந்தக் காலையும் எடுக்க வேண்டி வருமோ என்ற பயம் அக்காவுக்கு இருந்தது. வாயால் சொல்ல மாட்டார். ஆனால் பஸ்ஸில் வரும்போது வீட்டுத் தாழ்வாரத் தகரத்தில் மழைச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது மாதிரி ஜன்னலைத் திறந்து காதைக் கொடுப்பார்.

அந்த நேரத்தில்தான் பிரதேச சபை எலெக்ஷன் வந்தது. பெண்கள் இத்தனை பேர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்ததால், ஒரு சுயேச்சைக் குழுக்காரர்கள் பெண்களைத் தேடி மேடு மேடாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அக்காவிடம் வந்து, "சும்மா பேருக்குத்தான் அக்கா, நீங்க வீட்டுல இருந்தாலே போதும்" என்றார்கள்.

"பேருக்குன்னா வேற ஆளப் பாருங்க. நின்னா நான் பாலத்துக்காக நிப்பேன்" என்றார் அக்கா.

அவர்கள் சரி என்று தலையாட்டினார்கள். ஆனால் அக்கா உடனே சம்மதம் சொல்லவில்லை. கோயிலில் பூக்கட்டிப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் பக்கம் பெரிய காரியம் எதற்கும் அப்படித்தான். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி மாரியம்மன் காலடியில் வைத்து, கேட்க வேண்டியதை மனதுக்குள் கேட்டுவிட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். நானும் கூடப் போனேன். பூசாரி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தை அக்கா பிரித்தார். வெள்ளை நந்தியாவட்டை. எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அம்மனே வெற்றியை எழுதிக் கையில் கொடுத்துவிட்ட மாதிரி நான் ஊருக்குள் ஓடிச் சொன்னேன்.

சின்னம் கேத்தல், டீத்தண்ணீர் கொதிக்க வைக்கிறது. அதோடு அவருக்குக் கேத்தல் அக்கா என்று பேர் விழுந்தது. வேலை விட்டு வந்து, முகம் கழுவி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு இரண்டு பேரும் வீடு வீடாகப் போவோம். அக்காவுக்கு மேடையெல்லாம் வராது. "பாலம் வேணும். அதுக்காகத்தான் நிக்கிறேன். உங்களுக்குச் சரின்னு பட்டா போடுங்க" என்பார். இந்த "சரின்னு பட்டா" என்கிற வார்த்தை வேண்டாம் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். "கட்டாயம் போடணும்னு சொல்லுங்கக்கா." கேட்கவே மாட்டார்.

எதிரே நின்றவர்களில் பெரிய ஆள் சந்தியில் ஹாட்வெயார் கடை வைத்திருந்த ஹாஜியார். அக்குறணையிலிருந்து வந்து இங்கே காலூன்றியவர். கல்யாண வீடு, சாவு வீடு எதுவென்றாலும் முதல் ஆளாக நிற்பவர். நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த இரண்டு மாதமும் அவர் கடையில் ஒரு ஆணிகூட வாங்கக் கூடாது என்று நான் விரதம் பிடித்திருந்தேன்.

ஹாஜியார் ஜெயித்தார். அதுவும் லேசாக இல்லை. அக்காவுக்கு விழுந்தது எங்கள் மேட்டு ஓட்டில் பாதிகூட இல்லை. இருட்டுகிற நேரத்தில் சந்தியில் சீன வெடி வெடித்தது, மலையில் மோதித் திரும்பி வந்தது. அக்கா வீட்டில் நான் அடுப்படியில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்காத குறையாக அழுதேன். அக்கா ராத்திரிச் சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"வெள்ளைப் பூ வந்துச்சேக்கா. அம்மனே ஏமாத்திட்டாளே" என்றேன்.

அக்கா அரிசியை உலையில் போட்டுவிட்டுத்தான் திரும்பினார். "நிக்கலாமான்னுதான் புள்ள கேட்டேன். ஜெயிப்பேனான்னு நான் கேக்கவே இல்லையே. நில்லுன்னு சொன்னா, நின்னேன். அவ எங்க ஏமாத்துனா?"

"அப்ப அதையும் சேத்துக் கேட்டிருக்க வேண்டியதுதானே?"

"அதையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் ஓட்டு எதுக்கு?"

அண்ணன் உள்ளேயிருந்து சிரித்தார். எனக்கு இரண்டு பேர் மேலும் பற்றிக்கொண்டு வந்தது.

இதை வைத்து அக்கா கல்லு மனசுக்காரி என்று யாராவது நினைத்தால் அது தப்பு. மறுநாள் விடியற்காலையில் நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது அவர் ஓடைக்கரையில் அந்தப் பலகையைப் பார்த்தபடி நின்றார். கண் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மறைக்கவில்லை. "ஆசை இருந்துச்சு புள்ள. ரொம்ப ஆசை இருந்துச்சு. மழைக்கு முன்னாடி போட்டுடலாம்னு கணக்குப் போட்டு வச்சிருந்தேன்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கோயிலுக்குப் போய் அவகிட்ட நல்லாச் சண்டை போட்டுட்டுத்தான் வாறேன். அது எங்களுக்குள்ள. அது முடிஞ்சிருச்சு. இனி பொங்கல் வைக்கணும்" என்றார்.

அக்கா ஜெயித்தால் அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக நான் நேர்ந்திருந்தேன். தோற்றதும் அந்தக் கடன் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அக்கா விடவில்லை. "நின்னதுக்கு வைப்போம். நிக்க வச்சது அவதானே?" என்று சக்கரையும் பயறும் வாங்கி வரச் சொன்னார்.

வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் வீட்டு அடுப்பில் இன்னொரு பானை பொங்கிக்கொண்டிருக்கிறது. இது யாருக்கு என்றேன். ஹாஜியாருக்கு என்றார். சாமிக்குப் படைத்ததை அவர்கள் சாப்பிட மாட்டார்கள், அதனால் தனி அடுப்பு, தனிப் பானை, படைக்காத பொங்கல். கோயில் பானையைவிட இந்தப் பானை பெரியதாகவும் இருந்தது.

"உங்களுக்குப் பைத்தியமாக்கா? தோக்கடிச்சவருக்குப் பொங்கலா? அதுவும் அம்மனுக்கு வைக்கிறதவிட பெரிய பானையில?"

"அம்மன் ஒருத்திதானே? அவரு வீட்டுல எத்தன பேரு!"

பானையை நான்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அந்தப் பலகையைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் கையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஹாஜியார் கடை வாசல் வரைக்கும் எழுந்து வந்தார். சுற்றி மாலையும் ஆட்களுமாக இருந்தது.

"வென்டது நான். சோறு கொண்டு வாரது நீங்களா தங்கச்சி?" என்றார். முகத்தில் சந்தோஷம் இல்லை, சங்கடம்தான் இருந்தது.

"படைக்காதது ஹாஜியார். தனியா வச்சது. நீங்க தாராளமாச் சாப்பிடலாம்" என்றார் அக்கா. "நல்லா செய்யுங்க. ஒரு நாளைக்கு மழையில வந்து எங்க ஓடையப் பாருங்க. வெயில்ல வராதீங்க, வெயில்ல ஒண்ணும் தெரியாது."

ஹாஜியார் பானையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இதோடு விட்டிருந்தால் சரி. அடுத்த நாள் அக்கா நன்றி சொல்லக் கிளம்பிவிட்டார். ஜெயித்தவர்கள் நன்றி சொல்லிப் போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாலை போட்டு, வேனில் நின்று கும்பிட்டுக்கொண்டு போவார்கள். தோற்றவர் நடந்து போய் வீடு வீடாக நன்றி சொன்னதை எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. கதவைத் திறந்தவர்களுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அக்கா "கூப்பிட்டு உக்கார வச்சு நான் சொன்னதக் கேட்டீங்க, ரொம்ப நன்றி" என்பார். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்கவே மாட்டார். அவர் கேட்காததாலேயே அவர்களுக்கு வாய் நிற்காது.

"எங்க வீட்டு ஓட்டெல்லாம் உங்களுக்குத்தான் அக்கா, சாமி சத்தியமா."

அக்கா அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னா உண்மையாத்தான் இருக்கும்" என்பார்.

ஒரு வீடு மிச்சமில்லாமல் இதே கதை. ஹாஜியாரின் போஸ்டரை இன்னும் சுவரிலிருந்து கிழிக்காத வீட்டில்கூட அக்காவுக்குத்தான் போட்டார்களாம். அக்கா அங்கேயும் போஸ்டரைப் பார்க்காமல், "நீங்க சொன்னா உண்மையாத்தான் இருக்கும்" என்றார். உங்களுக்குப் போட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவர்களைக் கூட்டினாலே அக்கா ஜெயித்திருக்க வேண்டும். முதலில் அவர் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து நான் உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டிருந்தேன். ஏழெட்டு வீடு போன பிறகுதான் அவர் மனதாரச் சொல்கிறார் என்று புரிந்தது.

"பச்சைப் பொய் சொல்றாங்க, உங்களுக்குத் தெரியலியா?" என்று வழியில் வெடித்தேன்.

"யாரு பொய் சொன்னா, யாரு உண்மை சொன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"எல்லாருந்தான்."

"அப்ப எனக்கு விழுந்த ஓட்டெல்லாம் யாரு போட்டது? பேயா வந்து போட்டுட்டுப் போச்சு?"

அதற்குப் பிறகு நான் அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. அவருக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

அக்கா சொன்னபடி ஹாஜியார் மழையில் வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் நின்று, தண்ணீர் பலகைக்கு மேலே போவதைப் பார்த்தார். இந்தப் பக்கம் அண்ணன் கதிரையில் உட்கார்ந்து கிளினிக் போக முடியாமல் கை காட்டினார். சபையில் இதோ அதோ என்று இழுத்தடித்தார்கள். இரண்டாவது மழைக்காலமும் போன பிறகு, ஹாஜியார் தன் கடையிலிருந்தே இரும்பும் சீமெந்தும் இறக்கினார். எங்கள் ஆட்கள் கூலி வாங்காமல் சிரமதானத்துக்குச் சேர்ந்தார்கள். அக்கா லீவு போட்டுவிட்டு மணல் சுமந்தார். கைப்பிடி வைத்த பாலம் வந்தது. தொடக்கத்தில் ஒரு கல், கல்லில் ஹாஜியாரின் பேர். அதைப் படித்துவிட்டு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றபோது, அக்கா அந்தக் கல் பக்கம் திரும்பக்கூட இல்லை. அண்ணன் தன் கக்கத்துக் கட்டையை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்து, யாரும் தூக்காமல் அந்தப் பக்கம் போய்ச் சேருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இருந்த கால் இன்றைக்கும் இருக்கிறது.

அடுத்த எலெக்ஷன் தள்ளித் தள்ளிப் போய் ஒரு வழியாக வந்தது. இந்தத் தடவை அக்கா நிற்க வேண்டும் என்று ஊரே கேட்டது. நிஜமாகவே கேட்டது, ஜெயித்தும் இருப்பார். அக்கா போய்ப் பூக்கட்டினார். சிவப்பு வந்தது.

"இன்னொரு தடவை கட்டிப் பாப்போம்" என்று நான் கெஞ்சினேன்.

"நமக்குப் புடிச்சது வர வரைக்கும் கட்டுறதுன்னா அவகிட்ட எதுக்குக் கேக்கணும்? வா, பஸ் போயிரும்" என்று சொல்லிவிட்டார்.

அந்த எலெக்ஷனில் நாடே ஒரு பக்கம் சாய்ந்தது. எங்கள் வட்டாரமும் சாய்ந்தது. ஹாஜியார் தோற்றார், அதுவும் பேர் தெரியாத ஒரு புது ஆளிடம். மறுநாள் ஹாட்வெயார் கடை திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாரா என்றுகூட ஊரில் பேச்சு வந்தது. அக்கா வீட்டு அடுப்பில் பழையபடி ஒரு பெரிய பானை ஏறியது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்காமல் தூக்கினேன்.

ஹாஜியாரின் மனைவி, எங்களுக்கு ராத்தா, வாசலிலேயே கையை விரித்தார். "அவர் ஒருத்தரையும் பாக்க ஏலாண்டு செல்றார். தொழப் பள்ளிக்கும் போகல்ல."

அக்கா பானையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். உள்ளே கேட்கிற மாதிரி பேசினார். "ஹாஜியார், படைக்காததுதான். ஆறிப் போறதுக்குள்ள வாங்க."

ரொம்ப நேரம் கழித்து அவர் வந்தார். தாடி ஒதுக்காமல், கட்டியிருந்த கசங்கிய சாரத்தோடு, நாலைந்து வயது கூடிப் போன முகத்தோடு நின்றார்.

"நான் என்ன கொற வச்சேன் தங்கச்சி? எல்லாருக்கும் ஓடியோடிச் செஞ்சேனே" என்றார். குரல் உடைந்தது.

"ஒரு கொறையும் இல்ல. அல்லாஹ் உங்களுக்கு ஒரு வேலை குடுத்தான், செஞ்சீங்க. பாலம் நிக்கிது. இப்ப அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்திருக்கான். அது அவன் இஷ்டம். அழணும்னா அழுதுட்டு ஒரு வாய் சாப்பிடுங்க." அக்கா பானை மூடியைத் திறந்தார். "நாளைக்கு வீடு வீடாப் போய் நன்றி சொல்லணும். நானும் வாறேன். மொத வீடுதான் கஷ்டமா இருக்கும். அப்புறம் பழகிரும்."

ஹாஜியார் அழுதுகொண்டே சிரித்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ராத்தா உள்ளே போய்ச் சாப்பிடப் பீங்கான் கொண்டு வந்தார்.

மறுநாள் இரண்டு பேரும் கிளம்பினார்கள். எனக்கு வேலை இருந்தது, கூடப் போகவில்லை. சாயந்திரம் பாலத்தைத் தாண்டி எங்கள் மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஹாஜியார் முகம் தெளிந்திருந்தது. என் வீட்டு வாசலில் அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

"எல்லாரும் எனக்குத்தான் போட்டேண்டு செல்றாங்க தங்கச்சி. அப்ப நான் எப்பிடித் தோத்த?" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, ஹாஜியார் என் பக்கம் திரும்பிக் கையை நெஞ்சில் வைத்தார். "ஒங்களுக்கும் நன்றி."

நான் உண்மையில் அவருக்குத்தான் போட்டிருந்தேன். அந்தப் பாலத்துக்காக, அண்ணன் காலுக்காக, வேண்டுமென்றே நினைத்துப் போட்டேன். வீட்டில்கூட யாருக்கும் சொல்லவில்லை.

"நானும் உங்களுக்குத்தான் போட்டேன் ஹாஜியார். சத்தியமா" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே அது எப்படிக் கேட்கிறதென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் போஸ்டர் வீட்டுக்காரர் சொன்ன அதே குரல், அதே சத்தியம். ஹாஜியார் மரியாதைக்குத் தலையாட்டினார். அவர் நம்பவில்லை. எனக்கு முகமெல்லாம் சூடேறியது. இதைவிட என்ன சொல்லி நம்ப வைப்பதென்று தெரியாமல் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இவ சொன்னா உண்மையாத்தான் இருக்கும் ஹாஜியார்" என்றார்.